‘செட்’: மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை வேரிலிருந்து பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் கற்கிறவர்கள் பெரும்பாலும் நீளமான சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. ஏழெட்டு அசை கொண்ட மருத்துவச் சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள்தான் இருக்கும். ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். ஆளைத் திணற வைப்பவை குட்டிச் சொற்கள். எஸ், ஈ, டி என்று மூன்று எழுத்தில் முடிந்துவிடும் ‘செட்’ அவற்றில் தலையாயது.

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 2ஆம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்தச் சொல்லின் வினை வடிவத்துக்கு உரியது. அதை விளக்க மட்டும் சுமார் 60,000 சொற்கள் ஆயின. எண்ணி வைத்த பொருள்கள் ஏறக்குறைய 580. அவற்றில் 430 தனி வினைக்கு உரியவை, மற்றவை ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ போன்ற தொடர்களுக்கு. பிறகு 3ஆம் பதிப்புக்காகத் திருத்தம் செய்யத் தொடங்கியபோது 2000இல் ‘மேக்’, 2007இல் ‘புட்’, 2011இல் ‘ரன்’ என்று வேறு சொற்கள் முந்திக்கொண்டன. ‘ரன்’ மட்டும் 645 பொருள் காட்டுகிறது. எல்லாமே குழந்தைகூடப் பேசும் சொற்கள்.

580 பொருளையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். இந்தச் சொல்லின் பின்னால் இருப்பவை இரண்டே இரண்டு வேர்கள். எதிரே வரும் ‘செட்’ எந்த வேரைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால் பொருளை ஊகித்துவிடலாம். தமிழ் தெரிந்தவருக்கு இது இன்னும் எளிது. ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

படி 1: போலிகளை முதலில் ஒதுக்குங்கள்

தமிழில் ‘செட்’ என்று காதில் விழுவதெல்லாம் இந்தச் சொல் அல்ல.

‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்கிறோமே, அந்தச் செட்டு நம்முடைய பழைய சொல். சிக்கனம் என்று பொருள். ஆங்கிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கு எழுதும் ‘செட்’ தேர்வு, மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். சொத்தைக் குறிக்கும் ‘அசெட்’ வேறு வழியில் வந்தது. ‘போதுமான அளவு’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஸடிஸ்’ அதன் மூலம். கடனை அடைக்கப் போதுமான உடைமை என்பதே முதலில் அதற்கு இருந்த சட்டப் பொருள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ‘கார் செட்டு’, ‘தகரச் செட்டு’. இவை ‘ஷெட்’, அதாவது கொட்டகை. நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்ற சொல்லின் மாற்று வடிவம் அது. நம் பேச்சில் ஷகரம் சகரமாவதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘பம்பு செட்’ இந்தக் கலப்புக்கு அருமையான சான்று. மோட்டாரும் பம்பும் சேர்ந்த தொகுப்பு என்பதால் அது ‘செட்’. ஆனால் ‘பம்பு செட்டுல போய்ப் படுத்துக்கோ’ என்று கிராமத்தில் சொன்னால் அது மோட்டார் இருக்கும் அறை. கருவியின் பெயரும் கொட்டகையின் பெயரும் தமிழ்க் காதில் ஒன்றாகி, ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது.

படி 2: அகராதியில் மேலே இருக்கும் சிறு எண்ணைப் பாருங்கள்

நல்ல ஆங்கில அகராதிகளில் சில சொற்களின் தலையில் 1, 2 என்று சிறிய எண் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு என்பதற்கான அடையாளம் அது. ஒரு எண்ணுக்குக் கீழே வரும் பொருள்கள் ஒரே குடும்பம். எண் மாறினால் குடும்பமும் மாறுகிறது. பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ சதுர அடைப்புக்குள் வரும் வேர் வரலாற்றையும் படியுங்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இணையப் பதிப்பில் இது இலவசமாகவே கிடைக்கிறது.

பெரும்பாலானோர் முதல் பொருளைப் படித்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். வேர் வரலாற்றைப் படிக்க ஆகும் அரை நிமிடம், பின்னால் பல மணி நேர மனப்பாடத்தை மிச்சப்படுத்தும்.

படி 3: ‘வை’ என்று போட்டுப் பாருங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

முதல் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ என்ற வினை. உட்கார் என்று பொருள்படும் ‘சிட்’டின் பிறவினை அது. தமிழ் இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தது நினைவிருக்கும்: திருந்து – திருத்து, உருள் – உருட்டு, அமர் – அமர்த்து. தானாகச் செய்வது தன்வினை, பிறரைச் செய்ய வைப்பது பிறவினை. ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளிலும் ஒரு காலத்தில் இப்படி ஒழுங்கான ஏற்பாடு இருந்தது. ‘சிட்’டின் இறந்தகால வடிவமான ‘சட்’ என்பதோடு ‘யன்’ என்ற விகுதியைச் சேர்த்தால் ‘உட்கார வை’ என்ற பொருள் வரும். அழிந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘சட்யன்’ என்றே அது எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் வரும் யகரம் முன்னால் உள்ள அகரத்தை எகரமாக இழுத்தது. யகரம் பிறகு மறைந்துபோனது. மிஞ்சியது ‘செட்’. ஜெர்மன் மொழியின் ‘ஸெட்சென்’, டச்சு மொழியின் ‘ஸெட்டன்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள்.

ஆங்கிலத்தில் இந்த முறை இன்று செத்துவிட்டாலும் அதன் தடங்கள் இருக்கின்றன. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்க்க இந்த ‘ஃபெல்’லைத்தான் சொல்வார்கள். ‘டிரிங்க்’ என்றால் குடி. ‘டிரெஞ்ச்’ முதலில் ‘குடிக்க வை’ என்றுதான் இருந்தது, பிறகு நனைத்தலாக மாறியது. இந்த இணைகளை ஆங்கிலேயக் குழந்தைகளே குழப்பிக்கொள்கிறார்கள். நமக்குக் குழப்பம் வர வேண்டியதில்லை. இலக்கணமே நம்மிடம் இருக்கிறது.

இப்போது பயிற்சி. வாக்கியத்தில் ‘செட்’ வந்தால் அங்கே ‘வை’ என்ற தமிழ் வினையைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நெருப்பை ‘செட்’ செய்தான்: தீ வைத்தான். நிலவில் காலை ‘செட்’ செய்தார்: கால் வைத்தார். எலிக்குப் பொறியை ‘செட்’ செய்: பொறி வை. மாணவர்களுக்குத் தேர்வை ‘செட்’ செய்தார்கள்: பரீட்சை வைத்தார்கள். விலை, அலாரம், இலக்கு எல்லாமே வைப்பவைதான். ஒன்றின் மேல் மனத்தை ‘செட்’ செய்தால் மனசை வைத்துவிட்டான். வெவ்வேறு கண்டங்களில் வளர்ந்த இரண்டு மொழிகள், ஒன்றையொன்று பார்க்காமலே, இத்தனை இடங்களில் ஒரே வினையைக் கையாள்வது எனக்குப் பெரிய வியப்பு.

கோழி எடுத்துக்காட்டை மறக்காதீர்கள். கோழி முட்டை மேல் உட்காருகிறது: ஆங்கிலத்தில் ‘சிட்’. நாம் கோழியை அடை வைக்கிறோம்: ஆங்கிலத்தில் ‘செட்’. ‘சிட்’டுக்கும் ‘செட்’டுக்கும் உள்ள வேறுபாடு இனி மறக்காது.

‘வை’யும் லேசுப்பட்ட சொல் அல்ல. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று. ‘வையே கூர்மை’ என்று தொல்காப்பியம் உரியியல் சொல்கிறது. வைக்கோலுக்கும் வை என்று பெயர் உண்டு. திட்டுதலும் வைதல்தான். ஆனால் தமிழ் இறந்தகாலத்தில் பிரித்துவிடும்: பானையை வைத்தான், பையனை வைதான். ஆங்கில ‘செட்’டுக்கு அந்த உதவி இல்லை. நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றும் ஒரே வடிவம். பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் ‘செட்டெ’ என்று தனியாகத்தான் இருந்தது. கடைசி உயிர் தேய்ந்து உதிர்ந்ததும் வேறுபாடு போய்விட்டது. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ என்று டகரத்தில் முடியும் குட்டி வினைகள் பல இன்று இப்படித்தான் மாறாமல் நிற்கின்றன. படிக்கும்போது ஒரு சிறு குறிப்பு உதவும்: ‘அவன்’, ‘அவள்’ என்ற எழுவாய்க்குப் பின் ‘செட்ஸ்’ என்று வந்தால் நிகழ்காலம். எஸ் இல்லாமல் வந்தால் இறந்தகாலம்.

படி 4: வைத்தது இறுகும் வரை பின்தொடருங்கள்

ஒன்றை ஓரிடத்தில் வைத்தால் அது அங்கே நிலைத்துவிடும். நிலைத்தது மாறாது, இறுகும். ‘வைத்தல்’ என்பதிலிருந்து ‘உறுதியாதல்’, ‘இறுகுதல்’ என்று பொருள் நகர்ந்தது இந்த வழியில்தான். முறிந்த எலும்பை உரிய இடத்தில் பொருத்துவது ‘செட்’. கட்டு வைத்தியரை ஆங்கிலத்தில் ‘போன்-செட்டர்’ என்பார்கள். கோப்பையிலேயே உறைய வைத்து விற்கும் தயிருக்கு ‘செட் கர்டு’ என்று பெயர்.

கொத்தனார்கள் ‘சிமென்ட் செட் ஆகட்டும்’ என்று சொல்வது மிகச் சரியான தொழிற்சொல். சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு இந்தியத் தரக் குறியீடு, இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, முழுதும் இறுகும் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இறுகிய பிறகும் வலிமை நாள்கணக்கில் கூடிக்கொண்டே போகும், அதனால்தான் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்கிறோம்.

மண்ணில் வைத்தாலும் ‘செட்’தான். நடுவதற்கென்று விற்கும் சிறு வெங்காயக் கிழங்குக்கு ஆங்கிலத்தில் இதே பெயர். நம் கரும்புத் தோட்டத்தில் நடும் கரணையை வேளாண் நூல்களில் பார்த்தால் கடைசியில் இரண்டு டி போட்டு எழுதியிருப்பார்கள். அது பழைய எழுத்துக்கூட்டல். பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்கும், தெருவில் பதிக்கும் சதுரக் கருங்கல்லுக்கும் அந்த இரட்டை டி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு சொல்லோ என்று தடுமாற வேண்டாம், எல்லாம் வைத்தல் வேர்.

சூரியன் மறைவதற்கு ‘சன்செட்’ என்று ஏன் பெயர்? யாரும் அதை எங்கும் வைக்கவில்லையே? பழைய ஆங்கிலத்தில் சூரிய மறைவுக்கு ‘செட்ல்கங்’ என்றொரு சொல் இருந்தது. இருக்கைக்குப் போதல் என்று அதற்குப் பொருள். நாள் முழுக்க நடந்த சூரியன் மேற்கே போய் அமர்கிறது. தென்மாவட்டங்களில் ‘பொழுது அடஞ்சிருச்சு’ என்று சொல்வதும் இதே எண்ணம்தான். கோழி கூண்டில் அடைவதும் பொழுது மேற்கில் அடைவதும் நமக்கு ஒரே வினை.

அந்தச் சொல்லில் உள்ள ‘செட்ல்’ என்ற இருக்கையிலிருந்துதான் ‘செட்டில்’ வந்தது. ‘பையன் வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டான்’ என்கிறபோது, இருக்கை பிடித்து உட்கார்ந்துவிட்டான் என்பதே அடிப்பொருள்.

இந்த வேரின் ஆழம் இன்னும் பெரிது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் வடமொழிக்கும் பொதுவான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘அமர்’ என்று பொருள்பட்ட வேரிலிருந்து வடமொழியில் ‘ஸத்’ என்ற வினையடி வந்தது. உப, நி, ஸத் மூன்றும் சேர்ந்தது உபநிடதம்: அருகே கீழே அமர்தல். வேத பண்டிதர்கள் கூடும் ‘சதஸ்’ அதே வேர். ஆங்கிலத்தில் பறவைக் கூட்டைக் குறிக்கும் ‘நெஸ்ட்’, வடமொழியின் ‘நீட’ இரண்டும் ‘கீழே அமரும் இடம்’ என்ற ஒரே பழஞ்சொல்லின் வாரிசுகள். ‘ஆசனம்’ என்பதையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். பொருள் நெருக்கமாக இருந்தாலும் அதன் வேர் வேறு. பொருள் ஒத்துப்போவதாலேயே உறவு கொண்டாடுவது வேர்ச்சொல் ஆய்வில் அடிக்கடி நடக்கும் தவறு.

படி 5: ‘வை’ பொருந்தவில்லையா? ‘தொகுப்பு’ என்று பாருங்கள்

செட் தோசை, நகை செட், பல் செட், மைக் செட். இவற்றில் எங்கும் ‘வை’ பொருந்தாது. இது இரண்டாம் வேர்.

லத்தீனில் ‘செக்வி’ என்றால் பின்தொடர். அதிலிருந்து ‘செக்டா’: பின்தொடர்ந்து வருகிறவர்கள், ஒருவரின் பரிவாரம். பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து ‘செட்டெ’ ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒரே தலைவனைப் பின்பற்றும் கூட்டம் என்ற பொருள் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வரும் எந்தத் தொகுப்புக்கும் ஆனது. மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் இரட்டைப் பிறவி. படத்தின் தொடர்ச்சியான ‘சீக்வல்’, முதலாவதைத் தொடரும் ‘செகண்ட்’, செயலைத் தொடரும் விளைவான ‘கான்சிக்வென்ஸ்’ எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். ‘எங்க செட்டுப் பசங்க’ என்று நாம் சொல்வது அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருளுக்கு மிக நெருக்கமானது. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த ‘சகா’, ‘சகி’ ஆகியவற்றையும் பெரும்பாலான மொழியியலாளர்கள் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில்தான் சேர்க்கிறார்கள். ‘நம்ம செட்டு’ என்றாலும் ‘நம்ம சகா’ என்றாலும் கூடவே வருகிறவன்தான்.

‘சூட்’டும் இந்தக் குடும்பம். கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் சேர்ந்து வருவதால் அதற்கு அந்தப் பெயர். ‘இந்தக் கலர் உனக்குச் சூட் ஆகுது’ என்று சொல்கிறோம். ‘இந்தக் கலர் உனக்குச் செட் ஆகலை’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வெவ்வேறு வழியாகக் கிளம்பி, தமிழ்ப் பேச்சில் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த ஆங்கிலத் தொடர்கள் இப்படித் தமிழில் ‘ஆகு’ சேர்த்து வாழ்வதைக் கொச்சை என்று ஒதுக்க நான் உடன்படமாட்டேன். அது மொழி தன் தேவைக்குச் செய்துகொள்ளும் வேலை.

கணிதத்தில் வரும் ‘செட்’டும் தொகுப்புதான். கணக் கோட்பாட்டை உருவாக்கிய ஜெர்மன் கணிதவியலாளர் கியோர்க் கேன்டர் ‘மெங்கெ’ என்ற ஜெர்மன் சொல்லைப் பயன்படுத்தினார். 1915இல் அவர் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்தபோதும் அங்கே ‘செட்’ இல்லை, ‘அக்ரிகேட்’ என்றுதான் இருந்தது. ‘செட்’ பின்னால்தான் நிலைபெற்றது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதைக் கணம் என்கிறது. இலங்கைப் பாடநூல் தொடை என்கிறது. தொடுக்கப்பட்டது தொடை. எதுகை, மோனை என்று சொற்களைத் தொடுப்பதற்கு யாப்பிலக்கணம் வைத்த பெயரும் அதுவே. எனக்கு இலங்கைச் சொல்தான் அதிகம் பிடிக்கும்.

டென்னிஸ் செட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பல கேம்கள் சேர்ந்த தொகுப்பு.

படி 6: பின்னால் ஒட்டும் சொல்லைத் திசையாக வாசியுங்கள்

‘செட்’டுக்குப் பின்னால் வரும் ‘அப்’, ‘அசைட்’, ‘பேக்’ போன்ற சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண். எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதை அவை சொல்கின்றன.

கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ‘செட் அசைட்’ செய்தது என்று செய்தி வரும். ஒதுக்கி வைத்தது, அதாவது ரத்து செய்தது. ‘செட்பேக்’ என்றால் பின்னால் தள்ளி வைத்தல். வீடு கட்டும்போது எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடத்தைப் பொறியாளர்கள் ‘செட்பேக்’ என்பது அதன் நேர்ப்பொருள். தேர்தல் செய்தியில் வரும் ‘செட்பேக்’ பின்னடைவு. ‘செட் இன்’ என்றால் உள்ளே வந்து நிலைத்தல், அதனால்தான் பருவமழைக்கும் நோய்க்கும் அது வருகிறது.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ‘அப்செட்’. 15ஆம் நூற்றாண்டில் அதன் பொருள் நேர் எதிர்: மேலே தூக்கி நிறுத்துதல். கவிழ்த்தல் என்ற பொருள் பின்னால் வந்தது, மனம் கலங்குதல் அதிலிருந்து. பழைய பொருள் முழுக்க அழிந்துவிடவில்லை. வங்கியோ அரசுத் துறையோ வெளியிடும் ஏல அறிவிப்பில் ‘அப்செட் பிரைஸ்’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்தில் ஒரு பொருளை எந்த விலையில் நிறுத்தித் தொடங்குகிறார்களோ அந்த விலை. அதற்குக் கீழே கேட்க முடியாது.

படி 7: நம் பேச்சில் வரும் ‘செட்’டுகளைப் பிரித்துப் பாருங்கள்

கோடம்பாக்கத்தில் ‘செட் போட்டுப் படம் எடுத்தார்கள்’ என்றால்? பல பொருள்கள் சேர்ந்திருப்பதால் தொகுப்பு என்று தோன்றும். ஆனால் நாடக மேடையில் காட்சிக்கென நிறுத்தி வைத்த அமைப்பிலிருந்து வந்தது, எனவே வைத்தல் வேர். ‘ஜோடி செட் ஆயிடுச்சு’ என்றால் இணைந்து பொருந்துவது, எனவே தொகுப்பு. ‘வேலை செட் ஆயிடுச்சு’ என்றால் உறுதியாகிவிட்டது, வைத்தல். ‘எல்லாம் செட்டப்’ என்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தது. ரேடியோ செட் தொகுப்பு. தீபாவளிக்கு எடுக்கும் சுடிதார் செட்டும் அதுவே. காதில் விழும் ஒவ்வொன்றையும் இப்படி ஒரு வாரம் பிரித்துப் பார்த்தால் கை பழகிவிடும்.

பிறகு வேறு குட்டிச் சொற்களுக்குப் போகலாம். ‘பேட்’ நல்ல தொடக்கம். வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. வௌவாலுக்கு முன்பு ‘பக்கெ’ என்றுதான் பெயர், ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது. மட்டை, தடி என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அடுத்து ‘பேங்க்’ எடுங்கள். ஆற்றங்கரை ஒன்று, பணம் போடும் வங்கி ஒன்று. அகராதி இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டிருக்கும். அதோடு நிறுத்தாமல் வேர் வரலாற்றைப் படித்துக்கொண்டே போனால், மண்மேட்டைக் குறித்த ஸ்காண்டிநேவிய மொழிகளின் சொல் ஒரு பக்கமும், பணம் மாற்றுவோர் கடை விரித்த இத்தாலிய ‘பாங்கா’ என்ற பலகை மறுபக்கமும், ‘பெஞ்ச்’சுக்கு மூலமான ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லில் போய் முடிவதைக் காணலாம்.